பச்சைப் புடவையின் ஓரம்

தமிழ்செல்வனின் முகம் தபால் தலையில் வந்திருக்கிறது என்ற செய்தி ஆரணிக்குப் பக்கத்திலுள்ள சேவூருக்கு எட்டியபோது, அவன் தலைகால் புரியாமல் இருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு நாள் அப்படி இருந்ததும் உண்மைதான். அதற்கப்புறம் அவனைப் பிடித்துக்கொண்டது வெட்கம். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்காத வெட்கம்.

தபால் தலை ஆரணிக்காக வந்ததல்ல. பஸ்ஸில் போனால் அரை நாள் போய்விடும் தூரத்தில் இருக்கிற ஒரு நகரத்தை அந்த வருஷத்தின் பண்பாட்டுத் தலைநகர் என்று அறிவித்திருந்தார்கள். அதற்காக வெளியிட்டது. கீழே அந்த நகரத்தின் பெயரும் வருஷமும். மேலே, குழித்தறியில் உட்கார்ந்து, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைக் கையில் ஏந்தி, எங்கோ எதையோ கண்டுவிட்டவன்போலப் பார்க்கும் ஒரு நெசவாளி. அந்த நெசவாளிதான் நம் தமிழ்செல்வன். அவனுக்கு நெய்யத் தெரியாது.

நூல் அறுந்தால் முடிச்சுப் போடக்கூடத் தெரியாது. அவன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். பட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து பட்டு நூலையும் ஜரிகையையும் ஏற்றிக்கொண்டு போய் நெசவு வீடுகளில் இறக்குவான். நெய்த புடவைகளை வாங்கி வந்து கடையில் சேர்ப்பான். அவன் அப்பா சுப்பன் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியே முதுகு வளைந்தவர். மகன் பத்தாவதோடு படிப்பை விட்டு, வேலூர் பக்கம் ஓடும் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்த வண்டியும் எடுத்தான். அந்தத் தெருவில் சொந்த வண்டி எடுத்த முதல் ஆள் அவன்தான்.

ஆள் அழகன். அது அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொள்வான். வலது கையில் தடித்த வெள்ளிக் காப்பு. யாராவது பார்க்கிறார்கள் என்றால் நெஞ்சு தானாக நிமிரும். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்களோ அப்படியே இருந்துவிடலாமே என்கிற பலவீனம், அவ்வளவுதான். அவன் மனைவி கனிமொழி அதற்கு வைத்திருந்த பெயர் 'ஷோ'.

நெசவுத் தெருவில் பல வீடுகளில் அவன் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. இரண்டு பக்கமும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்த விஷயம் அது. அபிதகுசாம்பாள் மட்டும்தான் முதல் நாளே, எதற்கு வாசலில் நிற்கிறாய், உள்ளே கொண்டுவந்து வை என்றவள். தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தன் வீட்டு டம்ளரில் டீ கொடுத்தவள். அவள் கணவர் சிவப்பிரகாசம் முதுகு வலியால் தறியை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நெய்வது அவள்தான்.

போன வருஷம் ஒரு நாள் அவன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேமராவோடு ஒருவர் வந்தார். தபால் தலைக்குப் படம் எடுக்க வேண்டும், நல்ல வெளிச்சம் விழுகிற வீட்டுத் தறி வேண்டும் என்று அவர் கேட்டதற்கு யாரோ இந்த வீட்டைக் கைகாட்டியிருந்தார்கள். அபிதகுசாம்பாள் நைட்டியில், தோளில் துண்டோடு தறியில் இருந்தாள். படம் என்றதும் பதறிப்போனாள்.

"அய்ய, இப்டியேவா? கொஞ்சம் இருங்க. ஜல்தியா புடவ மாத்திகினு வந்துடறேன்" என்று உள்ளே ஓடினாள்.

ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. அதுவரை வெளிச்சம் சரிபார்க்கலாம், சும்மா தறியில் உட்காருங்கள் என்று கேமராக்காரர் தமிழ்செல்வனிடம் சொன்னார். அவன் குழியில் காலை விட்டு உட்கார்ந்தான். கேமரா வழியாகப் பார்த்தவர் தலையை நிமிர்த்தி அவனை மறுபடி பார்த்தார். முகம் பிரமாதம் என்றார். எத்தனை வருஷமாகத் தறியில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சின்ன வயசுலேர்ந்து சார்" என்றது தமிழ்செல்வனின் வாய்.

அபிதகுசாம்பாள் தலை சீவி, பூ வைத்து, பச்சைப் பட்டுப் புடவையில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போதுதான் முடிந்தது என்று அவன்தான் சொன்னான். கேமராக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை மூடினார். அவள் படம் நன்றாக வந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபடி நைட்டிக்கு மாற உள்ளே போனாள். இப்படித்தான் அவன் கனிமொழியிடம் சொன்னான். தனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

தபால் தலை வெளிவந்ததும் நெசவுத் தெரு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டது. கையில் காப்புப் போட்டுக்கொண்டு பட்டுத் தறியில் உட்காருகிற ஆள் எங்காவது உண்டா? நூலில் மாட்டினால் நாள் முழுக்கச் செய்த வேலை போச்சு. டீக்கடையில் ராஜவேலு என்கிற நெசவாளி, தறிக்கு எப்போது லைசென்ஸ் எடுத்தாய் என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்தார். நெசவு தெரியாதவர்களோ தேடித்தேடி வந்து பொன்னாடை போர்த்தினார்கள். சிரித்தவர்களைவிடப் போர்த்தியவர்களைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஆனால் ஒரு பொன்னாடையையும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அந்தக்கா மூஞ்சில எப்டி முழிக்கிற?" என்று கனிமொழி கேட்டாள்.

அந்த அக்கா வர நேரமாகிவிட்டது, நான் என்ன செய்வது என்றான். அபிதகுசாம்பாளும் அதையேதான் தெருவெல்லாம் சொன்னாள். பூ வைக்கப் போய் நேரத்தைக் கோட்டைவிட்டேன், என் தப்புதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அவன் பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னாள். டீயும் வழக்கம்போலக் கொடுத்தாள். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இதற்கிடையில் தென்னரசு, ஊரில் மன்றம் வைத்து விழா நடத்துகிறவர், கல்யாண மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். தபால் தலையைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். தென்னரசு மைக்கைப் பிடித்து, அந்தக் கண்களைப் பாருங்கள் என்றார். கலைஞனுக்கு மட்டுமே வாய்க்கும் பார்வை அது என்றார். கூட்டம் பார்த்தது. தமிழ்செல்வனும் திரும்பிப் பார்த்தான்.

தபால் தலையின் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு உண்டு. கதவு நிலை என்று அவன் நினைத்துவைத்திருந்தான். பெரிய படத்தில் அது நிலை இல்லை. முந்தானை. அதன் அரக்குக் கரைகூடத் தெரிந்தது. படத்தில் இருந்தவனின் கண்கள் அந்த முந்தானைப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மறந்திருந்தான் என்று சொல்வதற்கில்லை. மறக்க வேண்டும் என்று ஓரமாகத் தள்ளி வைத்திருந்தான். அன்றைக்கு அவள் வந்து உள்கட்டின் கதவருகே நின்றாள். கூச்சத்தோடு, அவன் எழுந்திருப்பதற்காகக் காத்து நின்றாள். அவன் பார்த்தான். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நேரம் கேமராக்காரர், அப்படியே இருங்கள், இந்தப் பார்வைதான் வேண்டும் என்றார். அவன் அப்படியே இருந்தான். படம் எடுத்ததும் அவளிடம் திரும்பி, முடிந்துவிட்டது என்றான். ஊரே மெச்சிய பார்வை, தறிக்காரி வந்துவிட்டதைப் பார்த்தும் இடம் விடாதவனின் பார்வை.

அவனைப் பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கிக்கொண்டான்.

"நான் நெசவாளி இல்லீங்க. எனக்கு நெய்யத் தெரியாது. அந்தத் தறி என்னுது இல்ல" என்றான்.

மண்டபம் கைதட்டியது. என்ன தன்னடக்கம் பாருங்கள் என்றார் தென்னரசு. பின்வரிசையில் நெசவுத் தெரு ஆட்கள் சிரித்தார்கள். அபிதகுசாம்பாளின் பெயரை அவன் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கைதட்டல் ஓயட்டும் என்று நின்றான். ஓய்வதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது, பெயர் உள்ளேயே போய்விட்டது. தன்னைப் பற்றி அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

விழாவில் அவனுக்கே கொடுத்துவிட்ட அந்தப் பெரிய படத்தை ஏற்றிக்கொண்டு, மண்டபத்திலிருந்து நேராக அவள் வீட்டுக்கு வண்டியை விட்டான். படத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்கு எதிரே சாய்த்து வைத்தான். அபிதகுசாம்பாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது, படத்தில் தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவையின் கரையை. நன்றாக விழுந்திருக்கிறது என்றாள். பிறகு அவள் விரல் ஓரத்துக்குப் போய் நின்றது.

"இது என் முந்தானையாச்சே."

"ஆமாங்க்கா."

"அப்ப நான் வந்துட்டேன்."

"வந்துட்டீங்க. நான் பாத்தேன்."

விரல் அங்கிருந்து நகர்ந்து படத்தில் அவன் கண்ணில் வந்து நின்றது. வெகுநேரம் அவள் அதையே பார்த்தாள்.

"இத்தினி நாளா நான் லேட்டு, நான் லேட்டுன்னு தெருவெல்லாம் சொல்லிகினு இருக்கேன். நீயும் கேட்டுகினே டீ குடிச்சிகினு இருந்த, இல்ல?"

அவன் காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு தமிழு. இப்ப எழுந்து இன்னா பண்றது, அன்னிக்கி எழுந்திருக்கணும்."

படத்தை அங்கே விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தான். உன் முகம்தானே இருக்கிறது, உன் வீட்டில் மாட்டிக்கொள் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டுக்கும் கொண்டுபோக மனம் வரவில்லை. அது வண்டியின் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. காப்பை எண்ணெய் தடவிக் கழற்றி அலமாரியில் போட்டான். அது இருந்த இடத்தில் கை வெளுத்திருந்தது.

அடுத்த லோடு நூல் வந்தபோது அவன் மூட்டையோடு அவள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அந்த வீட்டு வாசலில் அவன் நின்றதே இல்லை. மூட்டையைக் கீழே வைக்கக் குனிந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது, வாசலில் வைத்தால் நூல் தூசியாகும், உள்ளே கொண்டு வா என்று.

உள்ளே போனான். வேலை நாள், நடு மத்தியானம். வெயிலில் மேலே தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. அபிதகுசாம்பாள் தலை சீவி, பூ வைத்து, அந்தப் பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தாள். மிதியை மிதிக்க வசதியில்லாமல் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். ரவிக்கை முதுகெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

"இன்னாக்கா, விசேஷமா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. இப்பல்லாம் டெய்லி இப்டித்தான்" என்றாள் அவள், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாராச்சும் வந்தா, உள்ள போய் மாத்திகினு வரத் தேவையில்ல பாரு."

நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. ஸ்டூலின் மேல் அவனுக்கான டீ மூடியபடி இருந்தது. தமிழ்செல்வன் அதை நின்றபடியே குடித்தான்.