சந்தனத்துக்கு அடியில்

என்னைப் போன்ற மடையனை அந்தக் காலத்தில் பொதட்டூர்பேட்டை முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கண்டெடுத்திருக்க முடியாது. பத்து வயதில் எனக்கு என் மண்டையைப் பற்றி அபாரக் கர்வம். உள்ளே சரக்கில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். ஓடு கெட்டி என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

எழுபதுகளில் ஒரு ஆடி மாதம், தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு திருத்தணிக்குப் போனோம். எனக்கும் ஐந்து வயதுத் தம்பிக்கும் வேண்டுதல் மொட்டை. மொட்டை அடித்து முடிந்ததும் மலையடிவாரக் குளத்தில் முழுக்காட்டி, அம்மா இரண்டு தலைக்கும் சந்தனம் பூசினாள். நைனா தேங்காய் வாங்கப் போனார். அம்மா ஈரத்துணி பிழியத் திரும்பினாள்.

"வாடா, கிடா மாதிரி முட்டிக்கலாம்" என்றேன்.

"நான்தான் பெரிய கிடா" என்றான் அவன்.

முதல் முட்டில் இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்ததற்கு நான் நாலடி பின்வாங்கி ஓடிவந்தேன். மல்லாந்து விழுந்தவனின் பின்மண்டை கல்படி விளிம்பில் மோதியது. கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது அழவில்லை. அழாதவனுக்கு அடி படவில்லை என்று தீர்ப்பெழுதினேன். ஆனாலும் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பியது. கிண்ணத்தில் மீந்த சந்தனத்தை வழித்து அதன்மேல் அப்பினேன். வேலை அத்தனை சுத்தம்.

"தம்பிக்கு எவ்ளோ அழகா பூசிவுட்டு கீறான் பாரு!" என்று அம்மாவே மெச்சினாள்.

படியேறும்போது, "மொட்டை எப்ப அடிப்பாங்க?" என்று தம்பி கேட்டான். மறுபடியும் அதையே கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேலே போனதும் வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றில் வெயில் என்றார் நைனா. ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா மடியில் தூங்கிவிட்டான். மொட்டை அடித்த பிள்ளைக்குத் தூக்கம் வரத்தான் செய்யும் என்றாள் அம்மா. வாயைத் திறந்தால் உதை விழும் என்று நான் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. கை கால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"பையன் எங்கயாவது விழுந்தானா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க" என்றார் நைனா, சத்தியம் செய்கிற குரலில்.

டாக்டர் ஈரப்பஞ்சால் காய்ந்த சந்தனத்தைத் துடைத்தார். அம்மா அந்த வீக்கத்தைப் பார்த்தாள். இப்போது அது முட்டை அளவு.

"இது நேத்து பட்ட அடி. அப்பவே கொண்டாந்திருக்கணும்" என்று மெட்ராஸுக்கு எழுதிக்கொடுத்தார்.

தம்பி பிழைத்தான். பேச்சு பாதிதான் திரும்பியது, பள்ளிக்கூடம் முடிந்துபோனது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இன்றும் நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன்.

அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியுமா? உண்மையைச் சொன்னால் உதை, உதை விழுந்தால் விவகாரம் தீர்ந்தது என்பதே நான் அறிந்த சட்டம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நைனாவிடம் முட்டியதைச் சொன்னேன்; சந்தனத்தையும் சொன்னேன். வசதியாக முதுகைத் திருப்பிக் காட்டினேன். கை விழவே இல்லை. நைனாவுக்குக் கோபமில்லை என்றே நினைத்தேன். கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"அடிங்க நைனா. அடிச்சிட்டா அவன் எழுந்துப்பான் இல்ல?"

"தள்ளி நில்லு" என்றார்.