ரப்பர் பேண்டு போட்ட குழாய்

அன்று சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் கணவர், கொழுந்தன், பக்கவாதத்தில் பேச்சுப் போய்க் கட்டிலில் கிடந்த மாமனார். கடலூரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா. மாப்பிள்ளை என் கொழுந்தன்தான்.

மாமாவுக்கு மூத்திரம் போக ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, முனையில் பை மாட்டி அனுப்பியிருந்தார்கள். பையைக் கொட்டுவது நான். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் பையிலிருக்கும் கோடுகளை அடிக்கடி பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பார்த்தாலும் இறங்காது, வாடை அப்படி.

காலை ஆறு மணிக்குக் கொட்டினேன். எட்டுக்கும் பை காலி, பத்துக்கும் காலி. கேசரி கிளறிக்கொண்டே கணவரிடம் சொன்னேன்.

"தண்ணி ஜாஸ்தி குடிச்சிருக்க மாட்டாரு. உனக்கு வேற வேலையே இல்லியா?"

கொழுந்தன் சிரித்தான். "அண்ணி மூத்திரம் வந்தாலும் பயப்படுவாங்க, வரலன்னாலும் பயப்படுவாங்க."

போர்வையை விலக்கிப் பார்த்திருக்கலாம். மாமனாரின் தொடைப்பக்கம் கைவைக்க அருவருப்பு. விட்டுவிட்டேன்.

வந்தவர்கள் கேசரியை வாயில் வைத்த நேரம் உள்ளே மாமா அலறினார். ஓடிப் பார்த்தால் அடிவயிறு கல்லாக இருந்தது. குழாயைச் சுற்றி மூத்திரம் கசிந்து, பாயெல்லாம் ஊறி, நெய் வாசனையோடு கலந்து குமட்டியது. அடுத்த தெருவிலிருந்த ரிட்டயர்டு நர்சம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன். குழாயைத் தடவிக்கொண்டே போன அவர் கை தொடைக்கடியில் நின்றது. மடித்து, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"எவன்டா இத கட்டுனது?"

"பை நெறஞ்சி தொங்குனா வந்தவங்க என்னா நெனைப்பாங்க சிஸ்டர்? அவுங்க போனதும் அவுத்துடலாம்னுதான்…" கொழுந்தன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தான்.

"உன்னுத ஒரு நாள் கட்டி வச்சிப் பாருடா!"

அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். பை கால்வாசிக்கு மேல் நிறைந்தது, கலங்கலாக, நூல் நூலாக ரத்தத்தோடு. அதைக்கூடச் சகித்தேன். அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

பெண்ணின் அம்மா வாசற்படியில் நின்று எல்லாம் பார்த்துவிட்டார். "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

நர்சம்மா புதுக் குழாய் மாற்றினார். குழாய், பை, கூலி எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது. கணவர் இருநூறு கொடுத்தார். மீதியை, ரப்பர் பேண்டு போட்டவன் கொடுக்கட்டும் என்றார்.

"அண்ணி ஊரக் கூட்டாம இருந்திருந்தா சம்பந்தம் முடிஞ்சிருக்கும். நான் ஏன் குடுக்கணும்?" என்றான் அவன்.

நர்சம்மாவுக்கு இன்னும் இருநூற்றைம்பது ரூபாய் பாக்கி.