தங்கை தட்டிய பியானோ

நாடகங்களுக்கும் வானொலி விளம்பரங்களுக்கும் பின்னணி இசை போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பின்னறையில் ஒரு கணினி, ஒரு கீபோர்டு, தெருச் சத்தம் வராமல் சன்னலில் அடித்த பழைய கம்பளி. நிஜப் பியானோ ஒன்றை அந்த அறைக்குள் கொண்டுவந்தால் அவள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே கணினிக்குள்ளேயே ஒரு பியானோ வாங்க முடிவு செய்தாள். பெரிய பியானோ ஒன்றின் ஒவ்வொரு கட்டையையும் பூப்போலத் தொட்டும் ஓங்கி அடித்தும் பல விதமாகத் தட்டிப் பதிவு செய்திருப்பார்கள். கீபோர்டில் விரல் வைத்தால் அந்தப் பதிவு ஒலிக்கும். அப்படி மூன்று மென்பொருள்கள் பத்து நாளைக்கு இலவசமாகக் கிடைத்தன.

முதலாவது பளிச்சென்று இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. இரண்டாவது, கணினியில் ஏறவே அரை நாள் எடுத்தது. இரண்டு கையாலும் வாசித்தால் திணறி நின்றது. மூன்றாவதை அவள் திறக்கவே இல்லை. அதன் கட்டைகளைத் தட்டியவள் அவளுடைய தங்கை.

அது ஆறு வருடத்துக் காயம். ஒலிப்பதிவுக்கூடத்தில் கட்டை தட்ட ஆள் தேடியபோது அக்காவும் தங்கையும் சேர்ந்தேதான் போனார்கள். ஒரே கட்டையை ஒரே அழுத்தத்தில் பத்து முறை தட்ட வேண்டும். அக்காவின் கை நாலாவது தடவையே ஏறி இறங்கியது. "உங்க விரல் பாட்டு தேடுதும்மா. எங்களுக்கு அது வேண்டாம்" என்றார் ஒலிப்பதிவாளர். தங்கை தட்டிய பத்தும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அதன்பிறகு எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் சின்னவளின் கை ஊர் ஊராக ஒலிக்கிறதாமே என்ற பேச்சுதான். அக்கா சிரித்துத் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தேய்க்கிற தேய்ப்பில் எல்லாம் தெரிந்துவிடும்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவர். இசைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். எட்டு நாள் அவள் புலம்பியதைக் கேட்டுவிட்டு, அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். அவள் வாசித்து வைத்திருந்த ஒரே மெட்டுக்கு மூன்று பியானோக்களையும் மாற்றி மாற்றிப் போட்டார். வரிசையைக் கலைத்து மறுபடியும், இன்னொரு தடவையும். ஒவ்வொரு முறையும் அவள் பிடித்ததைச் சொன்னாள். அவர் தாளில் குறித்துக்கொண்டார்.

"மூணு தடவையும் உன் தங்கச்சியத்தான் எடுத்திருக்க" என்றார்.

அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை முதல் வேலையாக, பளிச்சென்று கேட்ட முதலாவதைக் காசு கொடுத்து வாங்கினாள். வீம்புதான், வேறென்ன.

அன்றைக்கே ஒரு நாடகத்துக்கு இசை கொடுக்க வேண்டியிருந்தது. மகனை வழியனுப்பும் தாயின் காட்சி. இயக்குநர் கேட்டுவிட்டு, மெட்டு மனதைப் பிசைகிறது, ஆனால் பியானோ தகரம் மாதிரி இருக்கிறது என்றார். இலவச நாள் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைப் போட்டு அனுப்பினாள். "இதுதாங்க" என்று பதில் வந்தது. அதையும் வாங்கித் தொலைத்தாள்.

அரங்கேற்றத்துக்குத் தங்கையும் வந்திருந்தாள். அந்தக் காட்சியில் பியானோ எழும்பியதும் அவள் உடம்பு நிமிர்ந்தது. அக்காவின் காதோரம் குனிந்தாள்.

"நான் தட்டினதுதானே அக்கா இது?"

"ம்."

"நாப்பது நாள் ஒத்தைக் கட்டையா தட்டிட்டு உக்காந்திருந்தேன். பாட்டுன்னு ஒண்ணு வரல. உனக்கு மட்டும் எப்படி வருது?"

குரலில் ஈரமில்லை. அந்தப் புகைச்சலை அக்கா நன்றாக அறிவாள். ஆறு வருடமாகத் தானே அடக்கி வைத்தது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அது நல்ல குளிர்ச்சி இல்லை என்றும் தெரிந்தது.

நாடகம் முடிந்ததும் யாரோ ஒரு பெண் வந்து பியானோவைப் புகழ்ந்தாள். பக்கத்தில் நின்ற தங்கையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா நன்றி என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு இரவு அது உறுத்தியது. மூன்றாம் நாள் நாடகக் குழுவுக்குப் போன் செய்து, அடுத்த தடவை நாடகம் போடும்போது கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் தங்கையின் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். எழுத்து மட்டும் தன் பெயரைவிடச் சின்னதாக இருக்கட்டும் என்றாள்.