தொப்பிக்குள் வளர்ந்த கண்

பிஷ்கெக் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தபோது புருலுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை. அதன் பிறகு பதினாறு வருஷம் அதே கூண்டுகள்தான்.

எலிக்குட்டி கண்மூடிப் பிறக்கும். மூடிய இமைக்குள் விழித்திரை பாதி கட்டிய வீடு மாதிரி நிற்கும். வெளிச்சத்தை வாங்கும் செல்களில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகி, நீண்டு, வரிசைக்கு வரும். அந்த வேலையை ஒழுங்குபடுத்துபவை மைக்ரோ ஆர்என்ஏ எனும் மிகச் சிறிய துணுக்குகள். எந்த மரபணுவின் பேச்சு எப்போது அடங்கவேண்டுமோ அப்போது அதை அடக்கி வைப்பதுதான் அவற்றின் தொழில். பிறந்த அன்று சில துணுக்குகள் மிகுந்திருக்கும்; கண் திறக்கும் சமயத்தில் வேறு சில பெருகும். எது எப்போது எவ்வளவு என்று அளப்பதற்காகக் குட்டிகளின் கண்களை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் கொடுப்பது புருலின் பொறுப்பு.

ஒருமுறை, விழித்திரையில் அந்தத் துணுக்குகள் உருவாகவே முடியாதபடி மாற்றப்பட்ட குட்டிகள் வந்தன. அவற்றின் கண்களும் உரிய நாளில் திறந்தன. கறுப்பு மணியாகப் பளபளத்தன. "எம்புட்டு அழகு பாருங்க!" என்று அவளே மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். சில வாரங்களுக்குப் பிறகு வெட்டிப் பார்த்தபோது உள்ளே செல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்தன. வெளியிலிருந்து பார்த்தவர் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அழகான கண்ணை அவள் நம்பாமல் போனது அப்போதிலிருந்துதான்.

முப்பத்தெட்டாவது வயதில், இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். இரண்டரை மாதம் முன்னதாகவே வந்துவிட்டான். தோலோன் என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஐந்து வாரம் கிடந்து உயிர் தேறினான். வீட்டுக்கு அனுப்புமுன் கண் டாக்டர் ராகிமா புருலைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விழித்திரையோட ரத்தக் குழாய் இன்னும் ஓரத்தைத் தொடல. தாறுமாறா வளர ஆரம்பிச்சா திரையையே பிடுங்கி இழுத்துரும். பத்து நாள்ல கொண்டு வாங்கம்மா. ஒருநாள் பிந்தினாலும் நான் பொறுப்பில்ல."

கணவன் ஜானிஷ் லாரி ஓட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குள் எங்கேயோ இருந்தான். தாயையும் பிள்ளையையும் பிஷ்கெக்குக்கு வெளியே காரா-பால்தாவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனவள் அவனுடைய அக்கா அனார்குல். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். வாசலிலேயே திருஷ்டி கழியப் பிள்ளையைச் சுற்றி அர்ச்சா மரக்கிளையின் புகையைக் காட்டினாள். பிறகு ஒரு பெரிய நரித்தோல் தொப்பியை எடுத்து, அதற்குள் பிள்ளையைப் படுக்கவைத்து, கோட்டு மாட்டும் ஆணிகளில் முதலாவதில் தொப்பியைத் தொட்டு எடுத்தாள்.

"குறைமாசத்துப் பிள்ளை இன்னும் பொறக்கல. எத்தனை நாள் குறையுதோ அத்தனை நாளும் தொப்பிதான் வயிறு. தினம் ஒரு ஆணி. அது முடிஞ்சாத்தான் பொறந்த கணக்கு. அதுக்கப்புறம் நாப்பது நாள் வாசல் தாண்டக்கூடாது."

"அக்கா, பத்து நாள்ல டாக்டரம்மா வரச்சொன்னாங்க."

"நாப்பது கழியாத பிள்ளைய ஊர்க்கண்ணு முன்னாடி தூக்கிட்டுப் போறதா? நல்லா இருக்குடி உன் படிப்பு! இந்தக் கண்ணப் பாரு. காஞ்ச திராட்சை மாதிரி மின்னுது. இதுக்கு என்ன குறை?"

மின்னுகிறது என்பதுதானே புருலின் பயமே. இதை எப்படிச் சொல்வது? பத்தாம் நாள் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். அனார்குல் மாவு பிசைந்துகொண்டே, திரும்பாமல் பேசினாள்.

"என் ரெண்டாவது பையன நாப்பதுக்கு முன்னாடி பஜாருக்குத் தூக்கிட்டுப் போனேன். ஆசையா, எல்லாருக்கும் காட்ட. ரெண்டே நாள். அந்தச் சின்னக் குழிய நீ பார்த்ததில்ல, நான் பார்த்திருக்கேன். இன்னொரு தடவை என்கிட்ட இதைக் கேக்காதே."

அதன் பிறகு புருல் கேட்கவில்லை. அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையின் இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்ப்பாள். கறுப்பு, பளபளப்பு. உள்ளே என்ன நடக்கிறதோ! பால் கொடுக்கும்போதுகூடப் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்கமாட்டாள். பத்து நாள் என்றது பதினேழு ஆயிற்று. பதினேழாம் நாள் காலையில் அனார்குல் தொப்பியோடு அடுத்த ஆணிக்கு நகர்ந்தபோது, புருல் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அக்கா, நீங்க சொல்றதுதான் சரி. இவன் இன்னும் பொறக்கல."

"இப்பவாவது புரிஞ்சுதே."

"கண்ணும் பொறக்கல. வயித்துக்குள்ள வளர்ற மாதிரிதான் இன்னும் வளர்ந்துட்டிருக்கு. டாக்டரம்மாவும் உங்க கணக்கையேதான் போடறாங்க, கரு உண்டான நாள்லேர்ந்து, பிள்ளை வெளியே வந்த நாள்லேர்ந்து இல்ல. நான் எலிங்கள்ல பார்த்திருக்கேன்க்கா. வளரும்போது கோணிச்சுன்னா அப்பவே பிடிக்கணும். வளர்ந்து முடிஞ்சப்புறம் திருத்த ஒண்ணுமே இருக்காது. வெறும் கண்ணுதான் இருக்கும், அழகா."

அனார்குல் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பொறக்காத பிள்ளைய ஊர்க்கண்ணு எப்படிப் பார்க்கும்?" என்று தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டாள். பிறகு சட்டென்று, "கோட்டை மாட்டு. தொப்பியோடயே போவோம். வெளியே எடுக்காதவரைக்கும் இவன் உள்ளேதான் இருக்கான்" என்றாள்.

வேன் முழுக்கக் கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மூடிய தொப்பியை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, பூனையா?"

"உன் மாமனாரு. எழுப்பிடாதே, கடிப்பாரு" என்றாள் அனார்குல்.

வேனே சிரித்தது. புருலுக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியின் ஓரத்தில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து விட்டு, இமை மூடாமலிருக்கச் சின்னக் கம்பியை மாட்டியதும் பிள்ளை வீரிட்டான். ராகிமா தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தவர் நிமிர நெடுநேரம் ஆயிற்று.

"ஏன் இத்தனை நாள்?"

அனார்குல் தொப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ரெண்டு கண்லயும் ஆரம்பிச்சிருச்சு. இடது மோசம். இப்பவே லேசர் வைக்கணும்."

"டாக்டரம்மா, உள்ளே செல்லெல்லாம் செத்துருச்சா? அந்த எலிங்களுக்கு..."

"எலியை விடுங்க. அது வேற நோய், இது வேற. இது ரத்தக் குழாய். வழியை விடுங்கம்மா."

கதவு சாத்தப்பட்டது. வெளிப்பெஞ்சில் அனார்குல் காலித் தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்து, உள்ளே கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் அதை இறுக்கினாள். "நான் முதல் நாளே விட்டிருந்தா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். "நான் முதல் நாளே கத்தியிருந்தா?" என்றாள் புருல்.

அடுத்து வந்த வாரங்களில் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வேன் நிறுத்தத்துக்கு முதலில் கிளம்பியவள் அனார்குல்தான். ஆணிகளின் கணக்கு முடிந்து, நாற்பதும் தொடங்கிவிட்ட ஒருநாள் ராகிமா விளக்கைக் கழற்றி வைத்தார்.

"வலது தப்பிச்சிருச்சு. இடதுல திரை கொஞ்சம் இழுபட்டிருக்கு. அதுல பார்வை குறைவாத்தான் இருக்கும். எவ்வளவுன்னு வளர்ந்தாத்தான் தெரியும்."

அனார்குல் டாக்டரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

தோலோனுக்கு இப்போது ஆறு வயது. வலது கண்ணால் ஈ பறப்பதைக்கூடப் பிடித்துவிடுவான். புருல் இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறாள். காலையில் அவன் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது, அவள் சத்தம் போடாமல் அவனுடைய இடப்பக்கமாக வந்து நிற்கிறாள். கூப்பிடுவதில்லை. அவன் தானாகத் திரும்புகிறானா என்று, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். சில நாள் திரும்புகிறான்.