துணிக்கு அந்தப் பக்கம்

பூமியைச் சுற்றவைப்பதே படியேறி அக்காதான். ஒரு நாள் அவர் காலை நீட்டி உட்கார்ந்ததில் அது கொஞ்ச நேரம் நின்றேவிட்டது. முட்டியைத் தடவிக்கொண்டு அவர் எழுந்த பிறகுதான் மறுபடி நகர்ந்தது.

பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி வருவது பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை. தினமும் ஏழெட்டு மாடி ஏறுவதால் அந்தப் பெயர். எந்த வீட்டிலும் படிவத்தை முதலில் எடுக்கமாட்டார். "எனக்கும் ஒரு வேலை குடுங்க" என்பார். கை வேலையாக இருந்தால் வாய் பொய் சொல்ல மறந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அன்று பையில் இருந்தது ஒரு பேசாமடந்தையின் படிவம். இரண்டாம் வகுப்புச் சிறுமி. டீச்சர் முன்னால் நிறுத்தினால் வாயே திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவதாகப் பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததும் வீடு முழுக்க வெள்ளை. எங்கிருந்தோ வந்து குடியேறி, தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் குடும்பம். கயிறு கயிறாக ஈர விரிப்புகள் ஜன்னல் காற்றில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. ஆள் ஒருவரும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் மிதந்தன.

"யாரு?" என்றது ஒரு மேகம்.

"ஸ்கூல்லேருந்து வரேம்மா. எனக்கும் ஒரு வேலை குடுங்க."

"ஆழமா இருக்கும், நீச்சல் தெரியுமா?" என்றது இன்னொரு மேகம். அது சிறுமியின் அண்ணன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் கைகழுவிய வம்பன்.

"வாய மூடுடா! அந்த முனையப் பிடிங்கக்கா" என்றாள் அம்மா.

இருவரும் விரிப்பை மடித்தார்கள். விரிப்பு நடுவில் உயர்ந்திருந்தவரை அம்மா கலகலவென்று பேசினாள். மடித்து மடித்து முகத்துக்கு முகம் வந்ததும் தலை குனிந்தது, பேச்சு நின்றது. அடுத்த விரிப்பிலும் அப்படியே.

"கிட்ட வந்தா ஏம்மா பேச மாட்டேங்கிற?"

"முகத்துக்கு நேரா நின்னா எங்க வீட்டுல திட்டத்தாங்க்கா. மத்த பேச்செல்லாம் துணிக்கு அந்தப் பக்கம்தான்."

"அக்கா, உங்க சாக்ஸ்ல ஓட்ட" என்றது தாழ்வான ஒரு மேகம். பேசாமடந்தை!

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் அறைக்குக் குறுக்கே ஒரு விரிப்பு தொங்கியது.

"என்ன இது, நாடகமா?"

"அஞ்சே நிமிஷம் டீச்சர். நீங்க இந்தப் பக்கம், பாப்பா அந்தப் பக்கம்."

அறை தூங்குவதுபோல் இருந்தது. விரிப்பு மெல்ல உப்பி அடங்கியது. பிறகு, தூக்கத்துக்குள் யாரோ கதை சொல்வதுபோல், பாடம் வந்தது. தடுமாறாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நாக்கால் ஒரு 'டொக்'.

"இரண்டாம் வகுப்பிலேயே இருக்கலாம்" என்று எழுதி முடித்த பெரிய டீச்சரும், தன்னை அறியாமல், 'டொக்' என்றார்.

மறுநாள் விரிப்பைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்காவிடம் இந்தக் கதை எழுதிய தாள் அகப்பட்டது.

"பூமிய நான் சுத்த வெக்கிறேனா? என் முட்டியக் கேட்டியாடா?" முழுக்கப் படித்துவிட்டு முகத்துக்கு நேராக வந்து நின்றார். "எல்லாம் சரி. பாப்பாவுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்து, 'டொக்' போடவும் பழக்கின மகராசன் யாரு? அத மட்டும் காணோமே?"

எழுதிய வம்பன் சட்டென்று ஒரு விரிப்புக்குப் பின்னால் போய்விட்டான்.

"அது தானா கத்துக்கிச்சு" என்றது மேகம். டொக்.