முள்ளிப்பட்டில் முசுறு இல்லை

போன வியாழக்கிழமை வங்கியில் என் மேஜைக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். டிராஃப்ட் எடுக்க வந்தவள் என்று நினைத்து ஃபாரத்தை நீட்டினேன். அவள் பையிலிருந்து ஒரு பழைய ஆய்வேட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அட்டையில் என் பெயர்.

"சார், நான் உஷா. எறும்புல ரிசர்ச் பண்றேன். உங்க மேப்புல ஒரு தப்பு இருக்கு."

பத்து வருடமாக அந்த ஆய்வேட்டை என் மனைவிகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. ஒரு ஜீவன் படித்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில், 'தப்பு' என்ற சொல் எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"எந்த இடத்துல?"

"முள்ளிப்பட்டு."

கையிலிருந்த சீலை மைப்பெட்டிமேல் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விவரம். வங்கிக்கு வருமுன் நான் எறும்புக்காரன். எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, எம்.ஃபில். பட்டத்துக்காக முசுறு தேடி அலைந்தவன். முசுறு தெரியும்தானே? மாமரத்தில் ஏறினால் கழுத்திலும் காதிலும் பிடுங்குமே... அந்தச் சிவப்பு எறும்பு. மண்ணில் புற்று வைக்காது. உயிருள்ள மரத்தின் பச்சை இலைகளை இழுத்து ஒட்டிப் பந்துபோலக் கூடு கட்டும். ஆரணிப் பக்கத்துத் திருமலை அடிவாரத்திலிருந்து தெள்ளார் வரை எந்த ஊரில் அது உண்டு, எந்த ஊரில் இல்லை, எந்த மரம் அதற்குப் பிடிக்கும் — இதுதான் என் ஆராய்ச்சி. ஒரு சைக்கிள், ஒரு லென்ஸ், ஒரு நோட்டு. உண்டு என்றால் மேப்பில் கறுப்புப் புள்ளி. இல்லை என்றால் வெறும் வட்டம்.

முள்ளிப்பட்டுக்கு வெறும் வட்டம் போட்டிருந்தேன்.

காரணம் உண்டு. அங்கே வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. நெய்வதற்கான நீள இழைகளைப் பாவு என்பார்கள். காலை வேளையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, நாலைந்து பேர் சேர்ந்து சீர் செய்வார்கள். அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு முசுறு விழுந்து கழுத்தில் கடித்தால்? கை உதறும். இழை அறும். அதனால் கூடு கண்ணில் பட்டால் போதும், ஓலையைக் கொளுத்திப் புகை போட்டு ஒழித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் தேவகி. நான் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வீட்டின் மூத்த பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். அவளும் தறியில் உட்காருகிறவள்தான். கேள்வி மேல் கேள்வி கேட்பாள்.

"எல்லாம் எறும்புதானே சார். எப்படித்தான் வேற வேறன்னு பிரிக்கிறீங்க?"

"முதல்ல இடுப்பைப் பார்க்கணும்ங்க. ஒரு கணுவா, ரெண்டு கணுவான்னு. முசுறுக்கு ஒண்ணுதான். அதுக்குக் கொடுக்கு கிடையாது. கடிச்ச இடத்துல அமிலத்தைப் பீச்சும்."

லென்ஸை வாங்கி ஒரு செத்த எறும்பின் இடுப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இன்னொரு கேள்வி. இலையையும் இலையையும் எதால் ஒட்டுகிறது? அதனுடைய புழுவின் வாயிலிருந்து பட்டு வரும், பெரிய எறும்பு அந்தப் புழுவைக் கவ்விக்கொண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக ஓட்டும் என்றேன்.

"அப்போ புழுதான் நாடா" என்றாள்.

நாடா என்பது தறியில் குறுக்கு நூலோடு இப்படியும் அப்படியும் ஓடுகிற கட்டை. என் பேராசிரியருக்கே தோன்றாத விளக்கம்.

அன்றைக்குத்தான் கிளம்பும்போது சொன்னேன். "இந்த ஊர் முடிஞ்சதுங்க. இங்க முசுறு இல்ல. இனிமே எனக்கு இங்க வேலை இல்ல."

"அப்போ வரமாட்டீங்களா சார்?"

"முசுறு இருந்தா வரேன்" என்று சிரித்தேன். எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்...

பத்தே நாளில் ஆரணிக்கு ஒரு போஸ்ட் கார்டு. 'எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறு கூடு இருக்கிறது. ஜல்தியாக வந்து பார்க்கவும். தேவகி.'

மிதித்துக்கொண்டு போனேன். எறும்புக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கூடு இருந்தது. கைக்கு எட்டும் உயரத்தில். ஆனால் மரம் மாமரம். கூட்டின் இலைகளோ நாவல் இலைகள். கிட்டே போய்ப் பார்த்தேன். நாவல் குச்சியை மாங்கிளையோடு அரக்கு நிறப் பட்டு இழையால் கட்டியிருந்தது. கடுகைவிடச் சின்ன முடிச்சு. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கப் போடுகிற அதே முடிச்சு. உலகத்தில் வேறு எந்தத் திருடன் இப்படித் தடயம் விட்டுவைப்பான்?

"நீங்க கொண்டுவந்து கட்டினதுதானே இது?"

தேவகி மறைக்கவில்லை. "திருமலைல அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன் சார். தூக்குல போட்டு மூடி பஸ்ஸுல எடுத்துகினு வந்தேன். கண்டக்டர் என்ன கொயம்பான்னு கேட்டாரு."

அவள் விரல் நுனியெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. பட்டு இழையைத் தொடுகிற விரல் அது. தோல் கொஞ்சம் சொரசொரத்தாலே இழை பிசிறிவிடும், ஒரு வாரம் தறியில் உட்கார முடியாது. இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்த மனிதன் அப்போது என்ன கேட்டிருக்க வேண்டும்?

நான் லெக்சர் அடித்தேன்.

"மனுஷங்க கொண்டுவந்து வச்சது கணக்குல வராதுங்க. தானா வந்து குடியேறியிருக்கணும். அதுவும் இல்லாம, இந்தக் கூட்டுல ராணி இல்ல. ராணி இல்லைன்னா சில மாசத்துல எல்லாம் அழிஞ்சிடும்."

"எறும்புக்குத் தெரியுமா சார், யார் கொண்டாந்தாங்கன்னு? இருக்குது இல்ல? இருக்குதுன்னு எழுதிகினு போங்க."

எழுதவில்லை. நேர்மையான ஆராய்ச்சியாளன் அல்லவா? சைக்கிளை எடுத்தேன். தெருமுனையில் ஒரு காலை ஊன்றி நின்றேன். திரும்பியிருக்கலாம். ஆனால் தெள்ளாரில் இன்னும் பதினாறு மரம் பாக்கி இருந்தது.

அப்புறம் பட்டம், வங்கிப் பரீட்சை, மெட்ராஸ், கல்யாணம்... வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாம்பழக் கூடையில் ஒரு சிவப்பு எறும்பு ஓடினால் போதும், அந்தத் தெருமுனையில் நின்றுகொண்டு திரும்பலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பேன். ஏக்கம் என்று எழுத இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.

"முள்ளிப்பட்டுல முசுறு இருக்கு சார்" என்றாள் உஷா. "ஒரே ஒரு வீட்டு மாமரத்துல. பதினோரு கூடு. புதுப் புழு நிறைய இருக்கு. ராணி இல்லாம இப்படி இருக்காது."

ராணி எப்படி வந்தது? அன்றைக்கு நான் பார்த்த கூடு அந்த மழைக்காலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அப்படியென்றால் நான் போன பிறகும் அவள் திருமலைக்குப் போயிருக்கிறாள். ஒரு முறையா, பத்து முறையா... ராணி இருக்கிற கூடு கையில் கிடைக்கும் வரைக்கும் அந்தத் தூக்கோடு போய்வந்திருக்கிறாள். கணக்கில் வராது என்று நான் சொன்ன பிறகு.

"ஊர்ல எல்லா மரத்துக்கும் புகை போடறீங்க, இதுக்கு மட்டும் ஏன் போடலைன்னு அந்த வீட்டுக்காரரைக் கேட்டேன் சார்" என்று உஷா நோட்டைப் பிரித்தாள். "அவர் சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன்."

படித்தாள்.

"'எங்க அக்கா கல்யாணமாயி காஞ்சிபுரம் போறப்போ சொல்லிட்டுப் போச்சும்மா. இந்த மரத்துல மட்டும் கை வைக்காதீங்க, ஒரு சார் வந்து எழுதிகினு போவாருன்னு. நாங்களும் பார்த்துகினுதான் இருக்கோம். அவர்தான் வரல.'"

கவுண்டரில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உஷா பேனாவைத் திறந்தாள். "இயற்கையா வந்ததா, மனுஷங்க கொண்டுவந்ததா... எதுன்னு போடட்டும் சார்?"

"இயற்கைன்னே போடும்மா."

அறிவியலுக்கு நான் செய்த ஒரே துரோகம் இது. பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.