ஓட்டக்காரன் தொங்கிய சங்கிலி

என் தாய்மாமன் கப்பலில் சமையல்காரர். உலக நாடுகளெல்லாம் கூடி விளையாடிய ஒரு போட்டியின் நினைவாக வெளியிட்ட தங்க நாணயத்தை ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து, என் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தார். எழுபதுகளின் கடைசி அது. அதைச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு கண்ணமங்கலத்திலிருந்து புதூர்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன்.

நாணயத்தின் ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி. மறுபக்கம் ஓடும் வீரன். அவன் உடம்பில் பொட்டுத் துணி கிடையாது.

முதல் நாளே மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? புதுப்பொண்ணு கழுத்துல ஒருத்தன் அம்மணமா ஓடிக்கினு கீறான்?"

"அந்தக் காலத்துல அப்பிடித்தான் ஓடுவாங்களாம் அத்தை."

"எந்தக் காலமா இருந்தா இன்னா? திருப்பிப் போடு."

திருப்பினேன். ராணி தலைகீழாகத் தொங்கினாள். வீரன் நேராக நின்றால் ராணி கவிழும்படிதான் அதை அச்சடித்திருந்தார்கள். எங்கள் ஊர் ஆசாரியோ வளையத்தை வீரனின் தலைக்கு மேல் பற்றவைத்துவிட்டார்.

"பொம்பள தலைகீழா தொங்குறது வூட்டுக்கு ஆகாது. எங்கிட்ட குடு. இந்த வயசுல எனக்கு இன்னா வெக்கம்?" என்று மாமியாரே வாங்கி மாட்டிக்கொண்டார்.

வளையத்தை மாற்றிவைக்க இருவரும் மலையிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் திருப்பத்தூர் கிளம்பினோம். குலுக்கிய குலுக்கலில் வீரன் மாமியாரின் முந்தானைக்கு வெளியே வந்துவிட்டான். எதிரே இருந்த பெண் உற்றுப் பார்த்தாள்.

"இது எந்த சாமிங்க அக்கா?"

மாமியார் விழித்தார். "ஓடியாற சாமி. கூப்ட்டா ஓடியாருவாரு."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரருக்கு மூட்டு வலிங்க. ஒரு தடவ வந்து தொட்டு வைங்க." நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

திருப்பத்தூரில் ஆசாரி கடை அன்று பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து நின்றாள். மாமியார் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அவள் கணவர் பட்டாளத்தில் இருந்தவர். கட்டிலில் உட்கார்ந்தபடியே நாணயத்தை வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"இது சாமி இல்லீங்க. ஓட்டப்பந்தய ஆளு. பட்டாளத்துல ஓடி கப்பு வாங்கினவன் நான், எனக்குத் தெரியாதா?"

மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. பட்டாளத்துக்காரர் நாணயத்தை விடவில்லை. "கையை இப்பிடி வீசினா எவன் ஜெயிப்பான்?" என்று முனகினார். பிறகு, எப்படி வீச வேண்டும் என்று காட்டுவதற்காகக் கட்டிலை விட்டு எழுந்து வாசலில் நாலு எட்டு வைத்தார்.

"சாமி எழுப்பி வுட்டுட்டாரு!" என்று கத்தினாள் மனைவி. அவர் சொன்ன எதுவும் அதற்குமேல் அவள் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். "பொட்டியில வெச்சிப் பூட்டும்மா. என்னால பொய் சொல்லி மாளாது."

அடுத்த வாரம் இன்னும் இரண்டு மூட்டு வலிக்காரர்கள் தேடி வந்தார்கள். மாமியார் அவர்களுக்குக் கொள்ளு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அவர்களில் ஒருவருக்கு ஒத்தடம் நன்றாகவே கேட்டது.